வட்டிச் சான்று மாறி வந்தால் ரிட்டர்னை என்ன செய்வது?

வருமான வரி ரிட்டர்ன் போட்டாயிற்று, ஆதார் ஓடிபி கொடுத்துச் சரிபார்த்தும் ஆயிற்று. ரீஃபண்ட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வங்கியிலிருந்து இன்னொரு தாள் வருகிறது. 'திருத்திய வட்டிச் சான்றிதழ்' என்று தலைப்பு. கோடையில் அவர்களே கொடுத்த தாளில் ஒரு தொகை இருந்தது, இதில் வேறொரு தொகை இருக்கிறது. ஏன் மாறியது என்று ஒரு வரி விளக்கம்கூட இருக்காது.

சேலத்தில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். உருக்காலை, ரயில்வே, மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று எங்கோ ஓரிடத்தில் காலம் முழுக்க உழைத்திருப்பார்கள். வந்த பணத்தை அஸ்தம்பட்டியில் ஒரு வங்கி, ஐந்து ரோட்டில் ஒரு வங்கி, தபால் நிலையத்தில் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பிரித்துப் போடுவது நல்லதுதான். ஆனால் எத்தனை இடத்தில் போட்டோமோ அத்தனை இடத்திலிருந்தும் தாள் வரும். எதில் வேண்டுமானாலும் தப்பும் வரும்.

இப்படி ஒரு தாள் வந்தால் பதறவும் வேண்டாம், அதை மடித்துப் பீரோவில் வைத்துவிடவும் வேண்டாம். முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். வங்கி தாளில் என்ன எழுதியதோ அது உங்கள் வருமானம் இல்லை. வங்கி உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வட்டி கொடுத்ததோ அதுதான் உங்கள் வருமானம். தாள் அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவே. சாட்சி பேச்சை மாற்றினால், முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று பார்த்த பிறகுதான் ரிட்டர்னில் கை வைக்க வேண்டும். பார்க்காமலே புதுத் தாளின்படி ரிட்டர்னை மாற்றி, அப்புறம் வங்கி மூன்றாவதாக ஒரு தாள் அனுப்பி மறுபடியும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இதை எழுதுவது 2025 நவம்பரில். கணக்குகள் எல்லாம் 2024-25 நிதியாண்டுக்கானவை, அதாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வந்த வருமானம். இதற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. புதிய சட்டம் அடுத்த ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வருகிறது.

எந்தத் தாள் எது

வட்டி விஷயத்தில் உங்கள் பெயரில் நான்கு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வங்கி தன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுப்பது வட்டிச் சான்றிதழ். வருடம் முழுக்க எந்த டெபாசிட்டுக்கு எவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். இது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. அடுத்தது படிவம் 16ஏ. வட்டியிலிருந்து வரி பிடித்து, அதை உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டியிருக்கிறோம் என்று வங்கி தரும் சான்று. வரி பிடிக்கவில்லை என்றால் 16ஏ கிடையாது. மூன்றாவது 26ஏஎஸ். அப்படிப் பிடித்துக் கட்டிய வரி துறையின் புத்தகத்தில் வரவாகியிருக்கிறதா என்று காட்டுவது. நான்காவது ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வந்தது. வரி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை என்று உங்களைப் பற்றி யார் யார் துறைக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் வந்துவிடும்.

"நான் 15ஹெச் எழுதிக் கொடுத்திருக்கேன், வரியே பிடிக்கலை, அப்புறம் எப்படி கவர்மெண்டுக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கான பதில் இந்த நான்காவது கணக்குதான். (15ஹெச் என்பது, எனக்கு வரி வராது, வட்டியில் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கியில் எழுதிக் கொடுக்கும் படிவம்.) 26ஏஎஸ்ஸில் பிடித்த வரி என்று எதுவும் இருக்காது. ஏஐஎஸ்ஸில் வட்டி பைசா சுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

வங்கி ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் டிடிஎஸ் கணக்கை, அதாவது வட்டியிலிருந்தே பிடித்த வரியின் கணக்கை, மே 31-க்குள் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். வட்டி பற்றிய ஆண்டு அறிக்கைக்கும் அதே தேதிதான். 16ஏ ஜூன் 15-க்குள் தர வேண்டும். அதனால் ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட்டு முதல் ஆளாக ரீஃபண்ட் வாங்கிவிடலாம் என்று அவசரப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூன் பாதிக்கு முன்னால் போட்டால், இன்னும் வந்து சேராத கணக்கை வைத்துப் போடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

தாக்கல் செய்த பிறகும் வங்கி தன் கணக்கில் தப்பு கண்டுபிடித்தால் திருத்த அறிக்கை கொடுக்கலாம். கொடுத்தால் 26ஏஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும் சத்தமில்லாமல் மாறிவிடும். உங்கள் வீட்டுக்குத் தாள் வந்தால் அதிர்ஷ்டம். பல நேரம் வராது. ரிட்டர்ன் போட்ட பிறகும் நவம்பர் வாக்கில் ஒருமுறை வருமான வரித் துறையின் இணையப் போர்ட்டலில் நுழைந்து ஏஐஎஸ்ஸைப் பார்ப்பது அதனால்தான் நல்ல பழக்கம்.

ஏன் மாறுகிறது

வங்கிகள் இணைந்தபோது ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண் ஆகியிருக்கும். ஓர் எண்ணில் பான் ஏறியிருக்கும், இன்னொன்றில் ஏறியிருக்காது. இரண்டாவதில் இருந்த டெபாசிட்டின் வட்டி முதல் தாளில் வராது. யாரோ ஒருவர் பின்னால் அதைச் சேர்த்துவிட, தொகை ஏறிவிடும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி வேறு யாருடைய வட்டியோ உங்கள் தலையில் விழுவதும் உண்டு. ஒரே வட்டியை இரண்டு தடவை ஏற்றி அனுப்புவதும் உண்டு.

இன்னொரு காரணம் முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் டெபாசிட். ஐந்து வருடம் கழித்துத்தான் பணம் கைக்கு வரும், ஆனால் வங்கி ஒவ்வொரு வருடமும் சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு அந்தந்த வருடமே வரியும் பிடித்து, துறைக்கும் சொல்லிவிடும். "பணம் வரும்போது காட்டிக்கலாம்" என்று விட்டுவிட்டால் ஐந்து வருட வட்டியும் ஒரே வருடத்தில் வந்து நிற்கும். வருடா வருடம் காட்டிவிடுவதுதான் தலைவலி இல்லாத வழி. ஆரம்பித்தால் அதே முறையில் கடைசிவரை போக வேண்டும், ஒரு வருடம் அப்படி ஒரு வருடம் இப்படி என்று கூடாது.

பாஸ்புக்கை எப்படிப் படிப்பது

இனி புதுத் தாளைப் பாஸ்புக் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பழகாதவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும் ஒரு டெபாசிட்டுக்கு காலாண்டு வட்டி ரூ. 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 10 சதவீதம், அதாவது ரூ. 900 வரியாகப் பிடித்துக்கொண்டு, ரூ. 8,100-ஐ சேமிப்புக் கணக்கில் போடும். பாஸ்புக்கில் நீங்கள் பார்ப்பது 8,100. நான்கு காலாண்டையும் கூட்டினால் 32,400 வரும். அதை வட்டி என்று ரிட்டர்னில் எழுதினால் தப்பு. வட்டி ரூ. 36,000. அதில் 3,600 உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி, ரிட்டர்னில் அதைத் தனியாகக் கழித்துக்கொள்வீர்கள்.

தாளுக்கும் பாஸ்புக்குக்கும் உள்ள வித்தியாசம் சரியாகப் பிடித்த வரியின் அளவே இருந்தால், தாள் சரிதான். சேமிப்புக் கணக்குக்கே வரும் சின்ன வட்டியையும் விட்டுவிடாதீர்கள். அது டெபாசிட் வட்டிச் சான்றில் பெரும்பாலும் இருக்காது, ஏஐஎஸ்ஸில் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்றில் ஒரு முடிவு வரும். நீங்கள் முன்பே பாஸ்புக்கை வைத்துச் சரியான தொகையைத்தான் காட்டியிருக்கிறீர்கள், வங்கி இப்போதுதான் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். தாளைக் கோப்பில் சேர்த்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வட்டியைக் குறைத்துக் காட்டியிருந்தால் திருத்த வேண்டும், வரி கட்ட வேண்டி வரலாம். கூட்டிக் காட்டியிருந்தாலும் திருத்தலாம், பணம் திரும்பி வரலாம்.

நான்காவதாகவும் ஒன்று உண்டு: புதுத் தாளே தப்பு. அப்போது ரிட்டர்னைத் தொடாதீர்கள். கிளையில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கூடவே போர்ட்டலில் ஏஐஎஸ்ஸுக்குள் போய் அந்தப் பதிவின் மேல் உங்கள் கருத்தைப் பதியலாம். தகவலில் ஒரு பகுதி தப்பு, இது வேறு பான் எண்ணுக்கு உரியது, இரண்டு முறை வந்திருக்கிறது, எனக்குச் சம்பந்தமே இல்லை என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. தகவல் தந்த வங்கிக்கு அது போய், அவர்கள் ஒத்துக்கொண்டார்களா மறுத்தார்களா என்பதும் அங்கேயே தெரியவரும். ஆனால் கருத்துப் பதிந்துவிட்டதால் ரிட்டர்ன் தானாக மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது வேறு, இது வேறு.

டீச்சரின் கணக்கு

தொகையோடு ஓர் உதாரணம் பார்ப்போம். அம்மாபேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 67. வருட ஓய்வூதியம் ரூ. 6,00,000. வங்கியின் முதல் தாள்படி டெபாசிட் வட்டி ரூ. 1,12,000, அதில் பிடித்த வரி ரூ. 11,200. புதிய வரி முறையில் ரிட்டர்ன் போட்டிருக்கிறார்.

ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 5,25,000. வட்டியைச் சேர்த்தால் 6,37,000. 2024-25-க்கு மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரி முழுவதும் போய்விடும். ஆகவே வரி பூஜ்யம், பிடித்த 11,200 ரீஃபண்டாக வர வேண்டும்.

நவம்பரில் திருத்திய தாள் வருகிறது. இன்னொரு வாடிக்கையாளர் எண்ணில் இருந்த டெபாசிட்டின் வட்டி 84,000 விட்டுப்போயிருக்கிறது. மொத்த வட்டி ரூ. 1,96,000. அதற்கும் வங்கி வரி பிடித்துக் கட்டிவிட்டது, பிடித்த வரி மொத்தம் ரூ. 19,600. பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் இரண்டாவது தாள்தான் சரி.

இப்போது வருமானம் 5,25,000-உம் 1,96,000-உம் சேர்ந்து ரூ. 7,21,000. 7 லட்சம் என்கிற கோட்டைத் தாண்டியாயிற்று. 3 லட்சம் வரை வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அது 20,000. மிச்சம் 21,000-க்கு 10 சதவீதம், அது 2,100. கூட்டினால் 22,100. வெறும் 21,000 ரூபாய் கூடியதற்கு 22,100 வரியா என்று கேட்கத் தோன்றும். சட்டமும் அதை யோசித்திருக்கிறது. 7 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று விளிம்பு நிவாரணம் இருக்கிறது. அதனால் வரி 21,000-இல் நிற்கும். அதன் மேல் 4 சதவீத செஸ் 840. மொத்தம் ரூ. 21,840.

பிடித்த வரி 19,600 போக ரூ. 2,240 கட்ட வேண்டும். 11,200 திரும்பி வரும் என்று இருந்தவர் 2,240 கட்ட வேண்டிய ஆளாகிவிட்டார். வட்டித் தொகையைவிட இந்தத் திருப்பம்தான் ஆட்களைக் கலங்கடிக்கிறது.

"ஏனுங்க தம்பி, அப்போ நான் கொடுத்தது பொய்க் கணக்குன்னு ஆயிடுச்சுங்களா?" என்று ஒரு டீச்சர் கேட்டால் நான் சொல்வது: "இல்லீங்க டீச்சர். விட்டுப்போனதை நாமளே போய்ச் சொல்லிக்கலாம்னுதான் சட்டத்துல தனியா பிரிவே வெச்சிருக்காங்க." அந்தப் பிரிவு 139(5). போட்ட ரிட்டர்னில் ஏதாவது விட்டுப்போயிருந்தாலோ தப்பாக இருந்தாலோ திருத்திப் போடலாம் என்கிறது. அதற்கென்று கட்டணமோ அபராதமோ கிடையாது. நாமாகச் சொல்லாமல் விட்டு, துறை கண்டுபிடித்து மதிப்பீடு செய்தால் கதை வேறு. குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம் போட 270ஏ பிரிவில் இடமிருக்கிறது.

இந்த உதாரணத்தில் வட்டித் தண்டனையும் வராது. தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி கட்டும் பொறுப்பு இல்லை, அதனால் அது சார்ந்த 234பி, 234சி வட்டிகளும் இல்லை. அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, பிடித்தது போக வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ நின்றால் மாதத்துக்கு 1 சதவீதம் என்று அந்த வட்டி வரும்.

முதல் ரிட்டர்னின் ரீஃபண்ட் ஏற்கெனவே வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டிருந்தால்? அந்தப் பணத்தைச் செலவு செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். திருத்திய ரிட்டர்னைப் பரிசீலித்து அனுப்பும் அறிவிப்பில், முன்பு கொடுத்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பாக்கி கேட்பார்கள்.

போடுவது எப்படி

காந்தி ரோடு வருமான வரி ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. எல்லாம் இணையத்தில்தான், பரிசீலிப்பது பெங்களூரில் இருக்கும் மையம்.

கட்ட வேண்டிய வரி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள். போர்ட்டலில் 'ஈ-பே டாக்ஸ்' பகுதியில் சுயமதிப்பீட்டு வரி என்பதைத் தேர்ந்தெடுத்து, மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று கொடுக்க வேண்டும். இங்கே நிதியாண்டை நினைத்துக்கொண்டு 2024-25 என்று அழுத்திவிடுபவர்கள் ஏராளம். பணம் போய்விடும், ஆனால் வேறொரு வருடக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். கட்டி முடித்ததும் வரும் சலானைச் சேமித்து வையுங்கள். அதிலுள்ள பிஎஸ்ஆர் எண், சலான் எண், தேதி மூன்றும் ரிட்டர்னில் கேட்கப்படும்.

பிறகு வழக்கமாக ரிட்டர்ன் போடும் அதே வழியில் போய், எந்தப் பிரிவில் தாக்கல் செய்கிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் 139(5), திருத்திய ரிட்டர்ன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணும், அதைப் போட்ட தேதியும் கேட்கும். அவை முதல் தடவை மெயிலில் வந்த ஒப்புகைத் தாளில் இருக்கும்.

இனி வருவதுதான் முக்கியம். திருத்திய ரிட்டர்ன் என்றால் மாறிய தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். டீச்சரின் கணக்கில் விட்டுப்போன 84,000-ஐ மட்டும் போட்டு ஒரு ரிட்டர்ன் என்று நினைத்தால், ஓய்வூதியம் என்ன ஆயிற்று? திருத்திய ரிட்டர்ன் முந்தையதை ஒட்டுமொத்தமாக ரத்து செய்துவிட்டு அதன் இடத்துக்கு வருகிறது, பழைய பத்திரத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாக முழுப் பத்திரம் எழுதுவது போல. ஓய்வூதியம் 6,00,000, வட்டி முழுவதும் 1,96,000, பிடித்த வரி முழுவதும் 19,600, இப்போது கட்டிய 2,240 என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். முதல் ரிட்டர்னில் சரியாக இருந்த ஒன்றை இதில் விட்டுவிட்டால், அது கணக்கிலேயே இல்லை.

போர்ட்டல் தானே நிரப்பித் தரும் தொகைகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அவை ஏஐஎஸ்ஸிலிருந்து வருபவை. வங்கியின் திருத்தம் அங்கே வந்து சேரும் முன் நீங்கள் போடுகிறீர்கள் என்றால் பழைய தொகைதான் நிரம்பியிருக்கும். குறிப்பாகக் கூடுதல் டிடிஎஸ் 26ஏஎஸ்ஸில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே போடுங்கள். ஏறாத வரியைக் கழித்துக்கொண்டால், பெங்களூர் மையம் அதைத் தராது, பாக்கி என்று கடிதம் அனுப்பும். கெடு நெருங்காதவரை ஒரு வாரம் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

கடைசியில் முப்பது நாளுக்குள் சரிபார்க்க வேண்டும், ஆதார் ஓடிபியோ இணைய வங்கியோ ஏதாவது ஒன்றில். சரிபார்க்காத திருத்தம் போடாத திருத்தத்துக்குச் சமம். முதல் ரிட்டர்னையே இன்னும் சரிபார்க்காமல் வைத்திருந்தால் திருத்தம்கூடத் தேவையில்லை. அதைக் கைவிடுவதற்குத் தனி வசதி போர்ட்டலில் இருக்கிறது, கைவிட்டுவிட்டுப் புதிதாகவே போடலாம். ஆனால் தாக்கல் செய்யும் கெடு தாண்டிய பிறகு அப்படிச் செய்தால் அது தாமத ரிட்டர்ன் ஆகிவிடும், 234எஃப் பிரிவில் 5,000 ரூபாய் வரை கட்டணம் வரும். இந்த வருடம் அந்தக் கெடு ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போய், இன்னும் ஒரு நாள் நீண்டு 16-இல் முடிந்தது.

143(1) அறிவிப்பு வந்துவிட்டது, இனித் திருத்த முடியாதோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. முடியும். அது கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததற்கான அறிவிப்புதானே தவிர, மதிப்பீடு முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் 154 பிரிவில் 'பிழை திருத்த மனு' என்று ஒன்று கண்ணில் படும், அதற்குள் போய்விடாதீர்கள். அது பரிசீலனையில் நடந்த வெளிப்படையான தப்பைச் சரிசெய்வதற்கு. விட்டுப்போன வருமானத்தைச் சேர்ப்பதற்கான இடம் அதுவல்ல.

டிசம்பர் 31

2024-25 வருமானத்துக்குத் திருத்திய ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 கடைசி நாள். அதற்கு முன்பே மதிப்பீடு முடிந்துவிட்டால் அதுவே கெடு. இந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்கச் சொல்வேன், ஏனென்றால் அது தாண்டியதும் சட்டம் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

வரி கட்ட வேண்டியவருக்குக் கதவு அகலமாகத் திறந்தே இருக்கிறது. 139(8ஏ) பிரிவில் புதுப்பித்த ரிட்டர்ன், ஐடிஆர்-யு என்பார்கள், மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து நான்கு வருடம் வரை போடலாம். இந்த ஆண்டு பட்ஜெட்டில்தான் இரண்டு வருடத்தை நான்காக்கினார்கள். ஆனால் சும்மா இல்லை. வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2024-25 வருமானத்துக்கு இந்த 25 சதவீதம் 2027 மார்ச் 31 வரை. அடுத்த வருடம் என்றால் 50, அதற்கடுத்து 60, கடைசி வருடம் 70 சதவீதம். டீச்சரின் 2,240 ரூபாய்க்கு டிசம்பருக்குள் போனால் ஒரு பைசா கூடுதல் இல்லை.

பணம் திரும்ப வாங்க வேண்டியவருக்கோ இந்த வழி கிடையாது. ஐடிஆர்-யு மூலம் வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் வாங்கவோ கூட்டவோ முடியாது. ஒரே வட்டியை வங்கி இரண்டு தடவை ஏற்றியது, ஏஐஎஸ் காட்டியது என்று நீங்களும் அப்படியே காட்டி வரி கட்டிவிட்டீர்கள், வங்கி ஜனவரியில் திருத்துகிறது என்றால் கெடு போய்விட்டது. தாமதத்தைப் பொறுத்தருளும்படி 119(2)(பி) பிரிவில் மனு போட்டுத்தான் கேட்க வேண்டும். ஐந்து வருடம் வரை மனு ஏற்பார்கள், ஆனால் ஏன் தாமதம் என்று காரணம் காட்ட வேண்டும், அனுமதி கிடைக்க வேண்டும், அலைச்சலும் உண்டு. ஆகவே தொகை குறைந்து வரும் திருத்தம்தான் அவசரம். நடைமுறையில் ஜனங்கள் செய்வது நேர் எதிர்: வரி கட்ட வேண்டிய தாள் வந்தால் மறுநாளே ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள், பணம் திரும்பி வரும் தாளைப் பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

திருத்தும்போது வரி முறையையும் மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள், பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கு 80டிடிபி-யில் 50,000 வரை வட்டிக்குக் கழிவு உண்டே என்று. முதலில் புதிய முறையில் போட்டவர், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு (இந்த வருடம் செப்டம்பர் 16) தாண்டிய பிறகு பழைய முறைக்குப் போக முடியாது. டீச்சரின் கணக்கில் போனாலும் லாபம் இல்லை, பழைய முறையில் அவருக்கு வரி இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

கூட்டுக் கணக்கு

கணவன் மனைவி பெயரிலோ, அம்மா மகள் பெயரிலோ போட்ட டெபாசிட்டுக்கு வங்கி முழு வட்டியையும் முதல் பெயருக்கு உரிய பான் எண்ணில்தான் காட்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மகள் தன் பணத்தைப் போட்டு, மரியாதைக்கு அம்மா பெயரை முதலில் எழுதியிருப்பார். பணம் யாருடையதோ வட்டியும் அவருடையது, வரியும் அவருடையது. ஆனால் ஏஐஎஸ் அம்மாவைக் காட்டும். மகள் தன் ரிட்டர்னில் காட்டிவிட்டு, அம்மா ஏஐஎஸ்ஸில் 'இது வேறு பான் எண்ணுக்கு உரியது' என்று பதிய வேண்டும். பிடித்த வரியையும் மகள் பெயருக்கு மாற்ற, விதி 37பிஏ-யின்படி வங்கியிடம் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வங்கி தன் டிடிஎஸ் கணக்கில் மகளின் பான் எண்ணைக் காட்டலாம். இதை வருட ஆரம்பத்திலேயே கொடுப்பது உத்தமம். வருடம் முடிந்து கேட்டால் பெரும்பாலான கிளைகளில் "பார்க்கலாம்ங்க" என்ற பதிலோடு நின்றுவிடும்.

டீச்சருக்கு அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடலாம். 2025-26 நிதியாண்டுக்கு 87ஏ வரம்பு 12 லட்சம் ஆகியிருக்கிறது, அதனால் அதே 7,21,000 ரூபாய்க்கு இந்த முறை வரி இல்லை. மூத்த குடிமக்களுக்கு வட்டியில் வரி பிடிக்கும் வரம்பும் 50,000-லிருந்து ஒரு லட்சமாக உயர்ந்திருக்கிறது, ஆனால் இவருடைய வட்டி அதையும் தாண்டுகிறது, எனவே வங்கி பிடிக்கும். வரியே இல்லாதவர் பிடித்துக் கொடுத்துவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 15ஹெச் எழுதிக் கொடுக்கலாம், ஏப்ரலில் விட்டுப்போயிருந்தால் மீதி மாதங்களுக்காக இப்போதும் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு வாடிக்கையாளர் எண்ணையும் ஒன்றாக்கச் சொல்லி அங்கேயே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும்.